இசைத்தட்டு கற்பித்த தமிழ்

 

இப்பொதுவுரை வரிசையில் பேசுமாறு மன்றத்தார் அழைத்தபோது, மொழியியல் படித்தவர் என்பதால் ஒலியனியலைப் பற்றியோ இரட்டை வழக்கைப் பற்றியோ நாம் பேசுவோம் என எதிர்பார்த்திருப்பர். இளமையில் கேட்ட பாட்டுகளையும் இசைத்தட்டுகளையும் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். ஓய்வு பெற்றவர்கள் பழம்பாட்டைப் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாதே என்று அவர் அஞ்சியிருக்கலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஆகையால் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். அக்காலப் பாட்டே பாட்டு, இக்காலப் பாட்டு பாட்டன்று என்று வழக்காட நாம் வரவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் மேடைதோறும் சொல்லிவந்த கருத்து ஒன்று உண்டு. "வீட்டில் பேசப்படாத மொழி நாவில் நில்லாது" என்பதே அது. பெற்றோர்க்கான கூட்டங்களிலும் ஆசிரியர் பயிலரங்குகளிலும் இதை எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். அக்கருத்து முழு உண்மைதானா என்னும் ஐயம் அண்மையில் நமக்கு எழுந்தது. அதற்கு விடை தேடிச் சென்றபோது நம் இளமைக்கால இசைத்தட்டுகளிடமே போய்ச் சேர்ந்தோம். இன்றைய உரை அந்தத் தேடலின் கதை.

இவ்வுரையில் 'நாம்' என்னும் சொல்லையே ஆள்கிறோம். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்போர் விலக்கப்படுவர். 'நாம்' என்றால் கேட்போரும் உளப்படுவர். நினைவுகள் நம்முடையவை ஆயினும், அவற்றால் எழும் வினா இவ்வவையில் உள்ள ஒவ்வொருவருடையதும் ஆகும். ஆதலால் உங்களையும் உளப்படுத்திக்கொள்வதே முறை.

செம்பவாங் குடியிருப்பு

நாம் பிறந்தது 1957இல். தந்தையார் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தளத்தின் ஊழியர் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் கலந்து வாழ்ந்தன. நம் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் சிங்கப்பூர் வானொலியின் 'நேயர் விருப்பம்' தொடங்கினால் அடுக்களையில் இருக்கும் அம்மாவின் கைகூட நின்றுவிடும். பாட்டுக்காக மட்டும் அன்று. பாட்டுக்கு முன் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலில் தெரிந்தவர் பெயர் வருகிறதா என்று கேட்பதற்காகவும்தான்.

ஆனால் வானொலிப் பாட்டு வழிப்போக்கரைப் போன்றது. வரும், போகும், மறுபடி எப்போது வரும் என்று சொல்ல இயலாது. ஒரு சொல் விளங்காமற் போனால் விளங்காததுதான். அழைத்தபோதெல்லாம் திரும்பி வரும் பாட்டு இசைத்தட்டில்தான் இருந்தது. 'ரிக்கார்டு' என்றுதான் வீட்டில் சொல்வோம். 'இசைத்தட்டு' என்னும் அழகிய சொல் வானொலி அறிவிப்பாளர்வழி நமக்கு வந்தது.

இசைத்தட்டு போடும் வசதி நம் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு மலையாளி மாமாவிடம் ஒரு ரேடியோகிராம் இருந்தது. அலமாரி போன்ற மரப்பெட்டி; மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே சுழல்தட்டு. ஐந்தாறு சிறு தட்டுகளை நடுத்தண்டில் அடுக்கிவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும். அந்தச் சிறு தட்டுகள் நிமிடத்திற்கு 45 சுற்றுச் சுற்றுபவை. அவற்றைத் தவிர அவரிடம் 78 சுற்றுத் தட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவை அரக்குக் கலவையால் ஆனவை, கனமானவை, கைதவறினால் ஓடு போல் உடைபவை. பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். பழைய திரைப்பாட்டுகள் பல மூன்று நிமிட அளவில் அமைந்ததற்கு இத்தட்டின் அளவும் ஒரு காரணம்.

மாமா மலையாளியே ஆயினும் அவருடைய பெட்டியில் பாதிக்கு மேல் தமிழ்ப் பாட்டுகள். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' முதல் சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' வரை இருபதாண்டுத் தமிழ்த் திரையிசை அப்பெட்டியில் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் நாமும் குடியிருப்புப் பிள்ளைகள் சிலரும் அவர் வீட்டுக் கூடத்தில் சப்பணமிட்டு அமர்ந்துவிடுவோம்.

ஒருநாள் நடந்தது இன்றும் நினைவில் நிற்கிறது. அன்று நாம் கேட்க விரும்பியவை 1961இல் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தின் பாட்டுகள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு, டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா குரல்கள். "மாமா, பாலும் பளமும் போடுங்க" என்றோம். மாமா ஊசியைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். "பளம் அல்ல மோளே, பழம்" என்றார். நாமும் "பளம்" என்றோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. "சரி, சுசீலாம்மா எப்படிச் சொல்றாங்க, கேளு" என்று தட்டில் ஊசியை வைத்தார்.

நம் வீட்டில் யாருக்கும் ழகரம் வந்ததில்லை. அம்மா 'வாளைப்பளம்' என்பார். அப்பா 'கிளக்கு' என்பார். இந்நாட்டுத் தமிழரிடையே மட்டுமன்று, தமிழகத்தின் பல வட்டாரங்களிலும் பேச்சு வழக்கில் ழகரம் ளகரமாய் மாறிவிட்டது. மலையாளமோ அவ்வொலியைப் பேச்சிலும் காத்து வைத்திருக்கிறது. ஆகத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு ழகரத்தைக் கற்பித்தவர் ஒரு மலையாளி. கற்பிக்க அவர் சான்று காட்டியதோ தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பாடகியின் குரல். இதிலுள்ள வியப்பு அப்போது நமக்குத் தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது.

செவியும் கண்ணும்

அந்தத் தட்டுகள் நமக்கு எதைக் கற்பித்தன என்பதை மொழியியல் நோக்கில் சற்று வகுத்துக் கூறலாம்.

முதலாவது, சொல்லின் இறுதி. பேச்சுத் தமிழில் சொல்லிறுதி மகரமும் னகரமும் முழுமையாக ஒலிப்பதில்லை. 'மரம்' என்பதன் ஈற்றில் உதடுகள் பெரும்பாலும் மூடுவதில்லை. 'அவன்' என்பதன் ஈற்றில் நுனிநா மேலே சென்று தொடுவதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவதோடு சொல் முடிந்துவிடும். பேச்சை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு ஈற்றில் இருப்பது மகரமா னகரமா என்பது ஐயமாகவே இருக்கும். எழுதும்போது பிழை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அக்காலப் பாடகர்கள் ஈற்றெழுத்தை முழுமையாக ஒலித்தனர். சௌந்தரராஜன் ஒரு மகரத்தில் உதட்டை மூடுவது, சீர்காழி கோவிந்தராஜன் ஒரு ளகரத்தில் நாவை மடிப்பது ஆகியவற்றைத் தட்டிலிருந்தே நாம் உணர முடிந்தது.

இரண்டாவது, காலம். பேச்சில் ஒரு மெய்யெழுத்து கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். பாட்டிலோ அது நீள இடமுண்டு. ககரம், தகரம் போன்ற வல்லினத்தை நீட்டிப் பாட இயலாது, காற்று அடைபட்டுவிடும். ழகரம், லகரம், மகரம் போன்றவற்றை ஒரு சுரத்தின் மீது நிறுத்திப் பாடலாம். 'வாழ்', 'யாழ்', 'தமிழ்' போன்ற சொற்கள் மெதுவான பாட்டில் வரும்போது அவ்வீற்றொலியைச் செவி நின்று பார்க்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் பத்து முறை சொன்னாலும் கிடைக்காத அவகாசம் அது.

மூன்றாவது, சொற்புணர்ச்சி. பாட்டு சொற்களைச் சேர்த்தே பாடும். 'நிலவொளி' என்று கேட்ட நாம், 'வொளி' என்று ஒரு சொல் இருப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தோம். 'பூவிதழ்' என்பதில் 'விதழ்' என்றொரு சொல்லைக் கண்டுபிடித்தோம். அதன் பொருள் என்னவென்று அப்பாவைக் கேட்க, அவரும் அகராதியில் தேடிக் களைத்துப்போனார். இக்குழப்பம் தீர்ந்தது பாட்டுப் புத்தகத்தால். படம் ஓடும் கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம். கதையைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். பின்பக்கங்களில் பாட்டுகள் இருக்கும். ஒரு கையில் புத்தகம், செவியில் தட்டு என்று அமர்ந்தபோதுதான் பூவும் இதழும் தனித்தனிச் சொற்கள், இடையில் வந்த வகரம் உடம்படுமெய் என்பது புலப்பட்டது. உடம்படுமெய் என்னும் பெயரை உயர்நிலைப் பள்ளியில் நன்னூல் வழியாகப் படித்தபோது, அது நமக்குப் புதிய செய்தியாக இல்லை. பழைய நண்பர் ஒருவரின் முழுப்பெயரை அறிந்துகொண்டது போல் இருந்தது.

தட்டில் கீறல் விழுந்தால் ஊசி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். சொன்னதையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று இன்றும் கேலி செய்கிறோம். ஆனால் மொழி கற்கும் பிள்ளைக்கு அக்கீறலும் ஓர் ஆசிரியர்தான். கேட்டதையே கேட்பதைவிடச் சிறந்த ஒலிப்புப் பயிற்சி வேறில்லை.

வேற்றுமொழி வீட்டு நாவுகள்

இனி நம் ஐயத்திற்கு வருவோம். 'வீட்டில் பேசப்படாத மொழி நாவில் நில்லாது' என்று சொல்லிவந்த நாம், நம் நாவைத் திருத்திய குரல்கள் எவ்வீடுகளிலிருந்து வந்தன என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பின் ஒருநாள் தாளை எடுத்துப் பட்டியல் எழுதிப் பார்த்தோம்.

டி.எம். சௌந்தரராஜன் மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். சௌராட்டிரம் இந்தோ – ஆரிய மொழி. திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்ததே அன்று. பி. சுசீலா ஆந்திரத்தின் விஜயநகரத்தில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு. பி.பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவைச் சேர்ந்தவர்; அவருக்கும் ஏ.எம். ராஜாவுக்கும் ஜிக்கிக்கும் எஸ். ஜானகிக்கும் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கும் வீட்டு மொழி தெலுங்கே. பி. லீலா, கே.ஜே. ஏசுதாஸ் இருவர்க்கும் மலையாளம். இவர்கள் பாடிய மெட்டுகள் பலவற்றை அமைத்த எம்.எஸ். விஸ்வநாதனும் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த மலையாளியே. சீர்காழி கோவிந்தராஜனையும் நாகூர் ஹனிபாவையும் எல்.ஆர். ஈஸ்வரியையும் போன்ற தமிழ் வீட்டுக் குரல்களும் உண்டு என்றாலும், பட்டியலில் பெரும்பகுதி பிறமொழி வீட்டினர்.

இவர்களுக்குத் தமிழ் ஒலிப்பு தானாக வந்துவிடவில்லை. பி. சுசீலா 1950களின் தொடக்கத்தில் திரைக்குப் பாட வந்தபோது, அவரை மாதச் சம்பளத்தில் அமர்த்திய ஏ.வி.எம். நிறுவனத்தார் தமிழ் உச்சரிப்பைப் பயிற்றுவிக்க ஓர் ஆசிரியரையும் ஏற்பாடு செய்தனர். இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை; அவ்வொலியை அவர் பதின்ம வயதின் இறுதியில் கற்றார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது 'உயர்ந்த மனிதன்' படத்தில் அவர் பாடிய தமிழ்ப் பாட்டுக்கே கிடைத்தது. பாலசுப்பிரமணியம் வாய்ப்புத் தேடி வந்தபோது, தமிழ் உச்சரிப்பைச் செம்மைப்படுத்திக்கொண்டு வருமாறு விஸ்வநாதன் அனுப்பிவைத்ததை அவரே மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1969இல் அவர் குரல் தமிழ்த்திரையில் ஒலித்தபோது எவரும் அதை அயல்குரலாகக் கேட்கவில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வந்து நாட்டுப்புறப் பேச்சுமொழி திரையிசையில் பெருகியபோது, அச்சிற்றூர்த் தமிழைப் பாடித் தந்ததும் ஜானகியின் தெலுங்கு நாவே.

நம் மேடைக் கருத்துக்கு இப்பட்டியல் நேர் எதிராக நிற்கிறது. வீட்டில் பேசப்படாத தமிழ் இவர்கள் நாவில் நின்றது. நின்றதோடு, வீட்டில் தமிழ் பேசியோரின் நாவையும் திருத்தியது.

இதற்கு மூன்று காரணங்கள் தென்படுகின்றன. அவர்கள் தேர்ந்த செவியுடையோர். திருத்துவதற்கு அருகில் ஒருவர் இருந்தார். திருத்தம் பெறுவதை அவர்கள் இழிவாகக் கொள்ளவில்லை. திருத்தியவரும் 'இது உன் மொழியன்று' என்று கதவை மூடவில்லை. இவற்றுள் இறுதிக் காரணமே முதன்மையானது எனக் கருதுகிறோம்.

ஓர் எதிர்வாதம்

மொழியியலார் அவையில் இருப்பின் இங்கு இடைமறிப்பர். பாடுவது வேறு, பேசுவது வேறு என்பர். உண்மை. எழுதிக் கொடுத்த நாலடியைப் பிழையின்றி ஒலிப்பது மொழித்திறனின் ஒரு கூறு மட்டுமே. குடியிருப்பில் நாமும் பி. ரம்லியின் மலாய்ப் பாட்டுகளைப் பிழையறப் பாடித் திரிந்தோம். ஆயினும் மலாய்க்காரத் தோழியின் பாட்டி ஏதேனும் கேட்டால் விழித்து நின்றோம். பாட்டு ஒலியைத் தரும்; உரையாடலைத் தராது. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல ஓர் ஆள் எதிரில் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவர். பாட்டின் தமிழ் செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைப்பட்டது. அதைக் கற்ற பிள்ளை கடையில் சென்று அப்படியா பேசும் என்பர். இதுவும் சரியே. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின், வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரப்பட்டது. அது தக்க முடிவு என்று அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். இசைத்தட்டு வகுப்பறைக்கு மாற்றாகாது.

ஆயினும் ஒலிப்பை எளிதாக எண்ணிவிடலாகாது. ஒரு மொழியின் ஒலி வாயில் வராதபோது வெட்கம் பிறக்கிறது. வெட்கம் பிறந்தால் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடுகிறது. பேசாத பிள்ளைக்கு உரையாடல் எங்கிருந்து வரும்? நாம் கண்ட பல மாணவரிடம் முதலில் அடைபட்டது சொல்லறிவு அன்று, வாய்.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று காட்டியது. அவ்வீடுகளிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் 'வீட்டில் பேசாத மொழி நில்லாது' என்று சொல்வது, கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரச் சொல்வதற்கு ஒப்பாகும். இதை ஒப்புக்கொள்ள நமக்கு நெடுங்காலம் ஆனது. ஒப்புக்கொள்ள வைத்தது புள்ளிவிவரமும் அன்று.

நம் வீட்டுக் கதை

நம் மகனும் மருமகளும் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்போரைப் பயிற்றுவித்த நாம், நம் வீட்டில் தமிழை ஒரு தலைமுறையோடு நிறுத்திவிட்டோம். இதைப் பொதுமேடையில் சொல்வது இதுவே முதல்முறை. மகனோடு இதுபற்றி மனக்கசப்பும் உண்டாயிற்று. "நீங்கள் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தீர்கள் அம்மா, அதனால்தான் பேசுவதை விட்டேன்" என்று ஒருநாள் அவன் சொன்னான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

பேத்திக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் நம்மோடு தங்குவாள். சென்ற ஆண்டு பள்ளி வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்யும்போது, "பாட்டி, எனக்கு ழ வராது, அப்பாவுக்கும் வராது, எங்கள் வீட்டுக்கே வராது" என்றாள். நாம் உடனே தாளை எடுத்து, வாயின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, நுனிநா எங்கே வளைய வேண்டும் என்று விளக்கினோம். அவள் கண்ணில் நீர் நின்றது. புத்தகத்தை மூடிவிட்டாள். அவள் தந்தை இதே மேசையில் எத்தனை முறை இப்படிப் புத்தகத்தை மூடியிருப்பான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

படத்தை மடித்து வைத்துவிட்டுக் கைப்பேசியில் 'பாலும் பழமும்' பாட்டுகளைத் தேடி எடுத்தோம். "இந்த அம்மாவுக்கும் முதலில் ழ தெரியாது, வளர்ந்த பிறகுதான் படித்தார்" என்று மட்டும் சொன்னோம். பேத்தி நம்பவில்லை. பிறகு கேட்டாள். மறுபடி கேட்டாள். ஐந்தாம் முறை தானும் கூடவே முணுமுணுத்தாள். நாம் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது நமக்கு எவ்வளவு கடினம் என்பதை நம்மிடம் படித்த ஆசிரியர்கள் அறிவர்.

இங்கு ஒலியியல் குறிப்பு ஒன்று பெற்றோர்க்குப் பயன்படும். ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ழகரம் எட்டாத ஒலியன்று. ஆங்கிலத்தில் 'ரெட்', 'ரோட்' போன்ற சொற்களின் முதலில் வரும் ஒலியில் நுனிநா எதையும் தொடுவதில்லை; ழகரத்திலும் தொடுவதில்லை. அவ்வொலியிலிருந்து நாவை இன்னும் சற்றுப் பின்னே வளைத்தால் ழகரத்தின் அருகில் வந்துவிடலாம். உண்மையில் ளகரமும் ணகரமுமே அப்பிள்ளைகளுக்குக் கூடுதல் உழைப்பைக் கேட்பவை. ஆங்கிலம் தமிழுக்குத் தடை என்று மட்டுமே பேசிவந்த நாம், அது தரும் இந்தச் சிறு படிக்கட்டைச் சுட்டிக்காட்டத் தவறிவிட்டோம்.

மூன்று வாரம் சென்றது. தேக்கா சந்தையில் பேத்தி பழக்கடைக்காரரிடம் "வாழைப்பழம் எவ்வளவு?" என்று தமிழில் கேட்டாள். இரண்டு ழகரமும் சரியாக வந்தன. அதன்பின் எல்லா முறையும் அப்படி வருகிறது என்று சொன்னால் அது பொய். பாதி வேளை வருகிறது, பாதி வேளை வரவில்லை. ஆனால் கேட்கிறாள், வாயை மூடிக்கொள்வதில்லை. பக்கத்தில் நின்ற மகன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் அந்தப் பாட்டைத் தன் கைப்பேசிக்கும் அனுப்பச் சொன்னான்.

எடைக்குப் போட்டவை

மலையாளி மாமாவின் கதையையும் முடித்துவிடுவது கடமை. 1968இல் பிரிட்டிஷ் அரசு, 1971க்குள் தன் படைகளை இங்கிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. குடியிருப்பில் பல குடும்பங்கள் கலைந்தன. மாமா கேரளத்திற்குத் திரும்பினார். கப்பலில் உடையும் என்று 78 சுற்றுத் தட்டுப் பெட்டியை நம் தந்தையாரிடம் விட்டுச்சென்றார். "மோள் படிச்சுக்கட்டும்" என்றாராம்.

அப்பெட்டியை நாம் பாதுகாத்திருக்க வேண்டும். பாதுகாக்கவில்லை. 1983இல் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, ஒலிநாடா வந்துவிட்ட காலத்தில் உடைந்ததும் கீறியதுமான இந்தச் சுமை எதற்கு என்று காராங் கூனிக்காரரிடம் எடைக்குப் போட்டோம். போடச் சொன்னது வேறெவரும் அல்லர், நாமேதான். அப்போது தமிழ் ஒலியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தோம். ஒலிப்பைப் பற்றிய நூல்களைப் பெட்டி பெட்டியாகப் புதுவீட்டுக்கு ஏற்றினோம். ஒலிப்பைக் கற்பித்த பெட்டியை வாசலில் இறக்கினோம்.

அப்பாட்டுகள் பெரும்பாலும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆகையால் இழந்தது பாட்டை அன்று. ஒரு பிள்ளை கூடத்தில் அமர்ந்திருக்க, பெரியவர் ஒருவர் ஊசியைக் கையில் பிடித்தபடி "கேளு" என்று சொல்லும் அந்த ஏற்பாட்டைத்தான் இழந்தோம். கைப்பேசியில் பாட்டு இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை.

ஆதலால் இவ்வுரையின் முடிவாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஒரே பாட்டைப் பல நாள் கேட்கச் செய்யுங்கள். வேகம் குறைந்த பாட்டாக இருக்கட்டும். வரிகள் கண்ணுக்கு முன் இருக்கட்டும். பழைய பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொல் தெளிவாகக் கேட்கும் பாட்டாக இருந்தால் போதும்.

இரண்டு, உடன் அமர்ந்து கேளுங்கள். பெற்றோர்க்குத் தமிழ் ஒலிப்பு வராவிட்டாலும் குற்றமில்லை. பிள்ளையோடு சேர்ந்து கற்கலாம். பாட்டு முடிந்ததும் அதைப் பற்றி இரண்டு வாக்கியமாவது தமிழில் பேசுங்கள். பாட்டு திறந்த வாயை உரையாடல்தான் நடைபழக்கும்.

மூன்று, திருத்துவோர்க்கு. ஆசிரியரே, பாட்டனாரே, பாட்டியரே, நம்மைப் போன்ற மொழியியலாரே! அந்த மலையாளி மாமா நம்மைத் திருத்திய விதத்தை நினைவில் கொள்வோம். அவர் சிரிக்கவில்லை. 'தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையா' என்று கேட்கவில்லை. சரியான ஒலியை ஒரு முறை சொன்னார். பிறகு ஊசியை வைத்துவிட்டு அமைதியாக இருந்தார்.

'வீட்டில் பேசப்படாத மொழி நாவில் நில்லாது' என்று இனி நாம் சொல்லப்போவதில்லை. 'வீட்டில் பேசினால் எளிதில் நிற்கும். பேசாத வீட்டிலும் செவிகொடுத்துக் கேட்டு, பரிவோடு திருத்தினால் நிற்கும்' என்று சொல்வோம். பழைய வாசகத்தைவிட இது நீளமானதுதான். ஆனால் இதில் நம் மகனுக்கும் இடம் இருக்கிறது, பேத்திக்கும் இடம் இருக்கிறது.